விடைக்கோழியின் ஆகாரம்

கொங்கு நாட்டுக் கிராமங்களில், தாய்க்கோழியின் சிறகை விட்டுப் பிரிந்து தனியே மேயத் தொடங்கிவிட்டதும், ஆனால் முதல் முட்டையை இன்னும் இடாததுமான இளம் பெட்டைக்கு விடைக்கோழி என்று பெயர்; பேச்சில் அது வெடக்கோழி என்று வழங்கும். குஞ்சு, கோழி என்ற இரண்டு சொற்களே போதுமென்று இருந்துவிடாமல், இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள சில மாதங்களுக்கென்று தனியே ஒரு பெயரை வைத்தவர்கள், அந்தப் பருவத்தை நன்கு உற்று நோக்கியவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். என் அம்மாயி, மாலை வேளையில் கோழிகளைப் பஞ்சாரத்தில் அடைப்பதற்கு முன்னால், விடைக்கோழி ஒவ்வொன்றையும் கையிலெடுத்து மார்பெலும்பைத் தடவிப் பார்ப்பாள். எலும்பு கத்திபோல் கூராகத் தட்டுப்பட்டால் அந்தக் கோழியைத் தனியே விட்டு, அதற்கு மட்டும் இன்னும் ஒரு பிடி கம்பு வைப்பாள். "முட்டை வெக்கற கோழிக்குப் போடாம இதுக்கு எதுக்கு அம்மாயி?" என்று நான் கேட்டதற்கு, "அது வெச்சுக்கிட்டுத்தான இருக்குது கண்ணு, இது இனிமேத்தான வெக்கோணும்" என்றாள்.

அவள் கைக்கொண்ட அந்தக் கிரமம் இன்று பெரும்பாலும் தலைகீழாகிவிட்டது என்பதே என் அபிப்பிராயம். பெரும் பண்ணையாயினும் சரி, கொல்லையில் பத்துக் கோழி வைத்திருக்கும் வீடாயினும் சரி, முட்டையிடும் கோழிக்குத் தீவனம் போடும் கை தாராளமாக இருக்கிறது. ஒன்றும் தராமல் தின்றுகொண்டு மட்டும் இருக்கும் விடைக்கோழியைக் கண்டவுடன் அதே கை சுருங்கிவிடுகிறது. மலிவான தவிடு, சத்துப் போன பிண்ணாக்கு, மூட்டையின் அடியில் மிஞ்சிய தூள் ஆகியவை எல்லாம் வளர் கோழியின் தொட்டிக்கே போய்ச் சேருகின்றன. வருவாய் இல்லாத இடத்தில் செலவைக் குறைப்பது குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இயல்பாக வரும் புத்திதான். அதைக் குற்றமென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் அந்தப் புத்தி நம்மை ஏமாற்றுகிறது என்பதைக் கணக்கைக் கொண்டே காட்டலாம்.

நாமக்கல் வட்டாரப் பண்ணைகளில் வளரும் வெள்ளை லெகார்ன் வழிவந்த பெட்டைக் குஞ்சு, பொரித்த அன்று 35 முதல் 40 கிராம் எடையே இருக்கும். பதினெட்டாம் வாரத்தில் அது ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ ஆகிறது; அதுவரையில் அது தின்பது சுமார் 6 கிலோ தீவனம். அதற்குப் பின் 72-ஆம் வாரம் முடிய, நாளொன்றுக்கு 110 கிராம் வீதம் வைத்துக்கொண்டால், 40 கிலோவுக்கு மேல் தின்று, முந்நூறுக்குக் குறையாத முட்டைகளை இட வேண்டியது அதன் கடமை. அதாவது, ஆயுள் முழுவதிலும் தின்னும் ஆகாரத்தில் எட்டில் ஒரு பங்கைத்தான் விடைப் பருவம் முடிவதற்குள் தின்கிறது. எஞ்சிய ஏழு பங்கும் முட்டையாக மாறுமா, கொழுப்பாகத் தங்குமா, எச்சமாகக் கழியுமா என்பது அந்த முதல் ஒரு பங்கினால் கட்டப்பட்ட சரீரத்தைப் பொறுத்தது. முட்டை உற்பத்திச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தீவனத்துக்கே போகும் ஒரு தொழிலில், எட்டில் ஒன்றை மிச்சம் பிடிக்கப் போய் எட்டில் ஏழைப் பணயம் வைப்பதை எப்படிச் சிக்கனம் என்று அழைப்பது?

குஞ்சுக்கு எந்தப் பருவத்தில் எது வேண்டும் என்று கேட்டால், அதற்கு விடை சொல்லத் தாய்க்கோழியைவிடத் தக்க ஆசான் இல்லை. அடையிலிருந்து எழுந்து வந்த தாய், முதல் சில வாரங்களில் குஞ்சுகளை எங்கே அழைத்துப் போகிறது என்று பாருங்கள். குப்பைமேட்டைக் கிளறுகிறது, மக்கிய இலையைப் புரட்டுகிறது, கரையானையும் புழுவையும் பூச்சியையும் தன் அலகால் எடுத்துத் தான் உண்ணாமல் கீழே போட்டு, கொக்கொக்கென்று அழைத்துக் காட்டுகிறது. தானியம் அங்கே இரண்டாவதுதான்; மாமிச சத்தே முதலாவது. எட்டு வாரம் ஆகும் தறுவாயில் அதே தாய் குஞ்சுகளைக் கொத்தி விரட்டிவிட, அவை கீரையும் புல்லும் சிந்திய தானியமுமாகத் தாமே தேடித் தின்று, நாளெல்லாம் நடந்து திரிகின்றன. நம் நாட்டுத் தர நிர்ணயத்தில் குஞ்சுத் தீவனத்துக்கு 20 சதவீதம் புரதமும், வளர் கோழித் தீவனத்துக்கு 16 சதவீதமும், முட்டையிடத் தொடங்கிய கோழிக்கு 18 சதவீதமும் என்று எழுதி வைத்திருப்பது, அந்தத் தாய்க்கோழியின் நடையை எண்களில் பெயர்த்ததே தவிர வேறல்ல. நம் கிராமங்களில் பழம்பானையில் சாணத்தையும் கிழிந்த சாக்கையும் காய்ந்த சருகையும் திணித்து, நீர் தெளித்து, இரவில் புற்றுள்ள மண்ணின்மேல் கவிழ்த்து வைத்து, விடிந்ததும் அதில் ஏறியிருக்கும் கரையானைக் குஞ்சுகளுக்கு உதறிப் போடுகிறார்களே, அவர்களும் எந்தப் புத்தகத்தையும் பாராமல் தாய்க்கோழியைப் பார்த்தே அதைக் கற்றிருக்க வேண்டும்.

இன்றைய குஞ்சுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தாய் இல்லை. பொரிப்பகத்தின் பெட்டிக்குள் பிறந்து, அட்டைப் பெட்டியில் பயணம் செய்து, மின்விளக்கின் கீழ் வந்து இறங்கும் குஞ்சுக்குக் குப்பையைக் கிளறிக் காட்ட யாரும் கிடையாது. தாய் செய்ததை நாம்தான் செய்ய வேண்டும். முதல் ஆறு வாரங்களில் குடலும் ஈரலும், நோயை எதிர்க்கும் உறுப்புகளும் மளமளவென்று வளர்கின்றன. அப்போது புரதம் குறைந்தால் குஞ்சு உயிரோடு இருக்கும், ஓடும், கீச்சிடும். ஆகவே வளர்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஐந்தாறு வாரத்தில் நானூறு கிராமை எட்ட வேண்டிய குஞ்சு முந்நூறில் நின்றிருப்பது தராசுக்கு மட்டுமே தெரியும். அந்தக் குறைவு பின்னால் முட்டையின் எண்ணிக்கையிலும் அளவிலும் தலைகாட்டும்போது, காரணம் இன்னதென்று தேடினாலும் அகப்படாது.

வீடுகளில் குஞ்சுகளுக்கு நொய்யையும் சோற்றையும் மட்டுமே போட்டு வளர்ப்பவர்கள் அநேகர். அரிசியில் புரதம் ஏழெட்டு சதவீதத்துக்கு மேல் இல்லை. உள்ள புரதத்திலும் சரீரம் கட்டுவதற்கு இன்றியமையாத லைசின் குறைவு. அரிசிச் சோற்றுக்கும் கோழிக்கும் உள்ள சம்பந்தத்தில் வைத்திய சரித்திரத்தின் ஒரு மகத்தான அத்தியாயமே அடங்கியிருக்கிறது. 1890-களில், அந்நாளில் பத்தேவியா என்று வழங்கிய ஜகார்த்தாவில், ஐக்மன் என்னும் டச்சு வைத்தியர் தம் ஆராய்ச்சிக் கூடத்துக் கோழிகள் கால் தள்ளாடி விழுவதைக் கண்டு கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். இராணுவ ஆஸ்பத்திரி மடைப்பள்ளியிலிருந்து வந்த தீட்டிய அரிசிச் சோறு நின்று, தீட்டாத அரிசி வரத் தொடங்கியதும், கோழிகள் தாமாகவே குணமாயின. தவிட்டில் போய்விட்ட ஏதோ ஒன்றே உயிரைத் தாங்குகிறது என்ற அந்தக் கண்டுபிடிப்பு பின்னாளில் வைட்டமின் என்ற கருத்துக்கு வழிகோலியது. அவருக்கு 1929-இல் நோபல் பரிசும் கிடைத்தது. மனிதர் நோய்க்கு மருந்து காட்டிய கோழிக்கு நாம் இன்னமும் வெறுஞ்சோற்றையே போட்டுக்கொண்டிருப்பது நியாயமாகப் படவில்லை. நொய்யோடு சிறிது கடலைப் பிண்ணாக்கும், கருவாட்டுத் தூளும், நறுக்கிய முருங்கைக் கீரையும் சேர்த்துப் பிசைந்து வைப்பது எந்தக் குடும்பத்துக்கும் எட்டாத காரியம் அன்று.

ஆறாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையில் எலும்பின் காலம். கோழியின் எலும்புக்கூட்டில் பெரும்பகுதி, ஏறக்குறைய முழுவதுமே என்று சொல்லலாம், பன்னிரண்டு பதின்மூன்று வாரத்துக்குள் தன் இறுதி அளவை எட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை உயர்ந்த தீவனத்தைப் போட்டாலும் கோழி கனக்குமே அன்றி நீளாது, அகலாது. இங்கேதான் பலர் இரண்டாவது தவற்றைச் செய்கிறார்கள். நான்கு மாதம் கழித்துக் கோழி சிறிதாக இருப்பதைக் கண்டு திடுக்கிட்டு, மக்காச்சோளத்தை அள்ளிக் கொட்டுகிறார்கள். குறுகிய கூட்டின்மேல் கொழுப்பு ஏறுகிறது. தராசு முள் சரியான இடத்தைக் காட்டுகிறது. வளர்த்தவரும் நிம்மதி அடைகிறார். ஆனால் இடுப்பெலும்பு குறுகிய அந்தக் கோழி முட்டையிட முக்கும்போது ஆசனவாய் பிதுங்கி வெளியே தள்ளிவிடுகிறது. மற்றக் கோழிகள் அந்தச் சிவப்பைக் கண்டு கொத்தத் தொடங்கினால், பொழுது சாய்வதற்குள் அது செத்துக் கிடக்கும். இதை நான் என் கொல்லையிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு கோடைக்காலத்தில் சந்தையில் வாங்கி வந்த இருபது விடைக்கோழிகளில் நான்கு இப்படிப் போயின. விற்றவர் வயதைச் சரியாகத்தான் சொன்னார்; எடையை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு நாள் குஞ்சு, ஒரு மாதக் குஞ்சு, மூன்று மாதக் கோழி என்று வயதைச் சொல்லியே நம் சந்தைகளில் விலை பேசுகிறார்கள். வயது என்பது கோழி எத்தனை நாள் உயிரோடு இருந்தது என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. நூறு விடைக்கோழிகளை நிறுத்தால் அவற்றுள் எண்பதாவது சராசரி எடைக்குப் பத்து சதவீதம் மேலோ கீழோ என்ற எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பது அனுபவமுள்ள பண்ணையாளர்கள் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல். சராசரி 1,200 கிராம் என்றால், 1,080-க்கும் 1,320-க்கும் நடுவில். இந்த ஒருசீர்மை இல்லாத மந்தையில், பெரிய கோழி முட்டையிட ஆரம்பித்துவிட்டதென்று தீவனத்தை மாற்றினால் சிறியவை கெடுகின்றன. சிறியவற்றுக்காகக் காத்திருந்தால் பெரியவை வாடுகின்றன. ஒருசீர்மை கெடுவதற்கு, தீவனத்தின் தரத்தைவிடத் தொட்டியின் நீளமே பல இடங்களில் காரணமாகிறது. வலிய கோழிகள் முதலில் வந்து சோளக் குருணையைப் பொறுக்கித் தின்றுவிட, எளியவற்றுக்குத் தூள் மட்டும் மிஞ்சுகிறது. அந்தத் தூளில்தான் உப்பும் தாதுவும் வைட்டமினும் இருக்கின்றன என்றாலும், வெறும் தூளைத் தின்று எதுவும் வளராது. எல்லாக் கோழிகளும் ஒரே சமயத்தில் நின்று தின்ன இடம் இருக்க வேண்டும். நாளுக்கு ஒரு முறையாவது தொட்டி காலியாகிக் கோழிகள் அதைத் துடைத்துத் தின்ன வேண்டும்.

பழைய வளர்ப்பு நூல்களைப் படித்தவர்கள் இங்கே ஓர் ஆட்சேபம் எழுப்பக்கூடும். வளரும் பெட்டைக்கு அரைவயிறாகவே போடு, அப்போதுதான் முட்டையிடுவது சில வாரங்கள் தள்ளிப்போய், முதல் முட்டையே பெரிதாக வரும் என்று அந்நூல்கள் உபதேசித்தன. அந்த உபதேசம் பொய்யன்று. அக்காலத்துக் கனத்த இனங்களுக்கு அது பொருந்திற்று. கறிக்கோழியின் தாய்ப் பெட்டைகளை இன்றும் அளந்துதான் வளர்க்கிறார்கள். கட்டுப்பாடின்றி விட்டால் அவை தின்றே கெட்டுவிடும். ஆனால் முட்டைக் கோழியைத் தலைமுறை தலைமுறையாகக் குறைந்த தீவனத்தில் மிகுந்த முட்டை என்று தேர்ந்தெடுத்து வந்ததில், அதன் உடல் சிறுத்துவிட்டது, பசியும் சிறுத்துவிட்டது. போட்டாலே போதிய அளவு தின்னத் தயங்கும் இன்றைய விடைக்கோழியை அரைவயிறாக வளர்ப்பது அதற்கு இழைக்கும் அநீதி. அதிலும் சித்திரை வைகாசி வெயிலில் அது பகல் முழுவதும் வாயைத் திறந்து இளைத்துக்கொண்டு நிற்குமே ஒழியத் தொட்டியை நாடாது. விடிவதற்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் வைத்தால்தான் தின்னும்.

கடைசி நான்கு வாரங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் சிருஷ்டியின் விசித்திரங்களில் ஒன்று அந்த நாட்களில், எவரும் காணாதபடி, கோழியின் எலும்புக்குள்ளேயே நடந்தேறுகிறது. அதுவரை ஒரு சிறு நாடாபோல் கிடந்த முட்டைக் குழாய், அறுபது எழுபது சென்டிமீட்டர் நீளமுள்ள பெரும் உறுப்பாக விரிகிறது. ஈரல் மஞ்சள் கருவுக்கு வேண்டிய பொருள்களை உண்டாக்கத் தொடங்குகிறது. முதல் முட்டைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, தொடையெலும்பு முதலியவற்றின் உட்குழிவில், இதற்கு முன் இல்லாத ஒரு புதிய எலும்பு, பஞ்சுபோல், நுண்ணிய முட்களாகப் படரத் தொடங்குகிறது. உடலைத் தாங்குவதற்கு அது பயன்படுவதில்லை. முட்டை ஓட்டுக்காகக் கோழி சேர்த்து வைக்கும் சுண்ணாம்புக் களஞ்சியம் அது. ஒரு முட்டை ஓட்டில் இரண்டு கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அது கோழியின் எலும்பில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கு. ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. கோழியோ இரவில் தின்பதில்லை. ஆகவே விடியும்வரை அந்தக் களஞ்சியத்திலிருந்து கடன் வாங்கி, பகலில் தின்று கடனை அடைக்கிறது. ஓராண்டில் முந்நூறு முட்டையிடும் கோழி, தன் உடல் எடையைவிட அதிகமான ஓட்டை உண்டாக்கி நமக்குத் தந்துவிடுகிறது என்ற கணக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிறு ஜீவனிடத்தில் ஒரு மரியாதை உண்டாகிறது.

இந்தக் களஞ்சியம் நிரம்பாமலே முட்டையிடத் தொடங்கும் கோழி, தன் சொந்த எலும்பையே கரைத்துக் கொடுக்கும். சில மாதங்கள் முட்டை குறையாது; பிறகு ஒரு நாள் எழுந்து நிற்க மாட்டாமல் கூண்டுக்குள் படுத்துவிடும். அப்படியானால் குஞ்சாக இருக்கும்போதே முட்டைக் கோழித் தீவனத்தைப் போட்டுச் சுண்ணாம்பை ஏற்றிவிடலாமே என்று நினைப்பவர்களும் உண்டு. கையிலுள்ள ஒரே மூட்டையை எல்லாப் பருவத்துக்கும் போடும் வீடுகளில் நினையாமலே அது நடக்கிறது. அதுவும் கேடே. வளர் கோழிக்கு ஒரு சதவீதச் சுண்ணாம்புச் சத்துப் போதும். முட்டைத் தீவனத்தில் அது மூன்று, மூன்றரை. அந்தச் சுமையை இளஞ்சிறுநீரகம் தாங்காமல் வீங்கி, உள்ளுறுப்புகளின்மேல் வெள்ளையடித்தாற்போல் உப்புப் படிந்துவிடுகிறது. பிழைத்தவையும் முட்டைப் பருவத்தின் நடுவில் காரணம் தெரியாமல் சாகின்றன. கொண்டையும் தாடியும் சிவந்து, இடுப்பெலும்புகளுக்கு நடுவில் இரண்டு விரல் நுழையும்போது, அதாவது முதல் முட்டைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் இருக்கும்போது, தீவனத்தை மாற்றுவதே முறை. அப்போது மாலையில் கிளிஞ்சல் துண்டுகளை ஒரு சிறு தட்டில் தனியே வைத்தால், தேவையுள்ள கோழி தானே வந்து தேவையான அளவு தின்னும். தூளைவிடத் துண்டு நல்லது. இரைப்பையில் தங்கி, இரவெல்லாம் சிறிது சிறிதாகக் கரைந்து உதவும்.

பூஞ்சைக் கேட்டையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, ஆராய்ந்ததில் பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கே காரணமென்று தெரியவந்தது. அந்த நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் நனைந்த மக்காச்சோளத்தையும் பிண்ணாக்கையும், முட்டைக் கோழிக்கு ஆகாது, வளர் கோழிக்குப் போடு என்று ஒதுக்குவதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். அந்த நஞ்சு முதலில் தாக்குவது ஈரலை. நாளைக்கு மஞ்சள் கருவை உண்டாக்க வேண்டிய ஈரலை இன்றைக்கே கெடுத்துவிட்டு, பிறகு முட்டை சிறுத்துவிட்டதென்று வருந்துவதில் என்ன பிரயோஜனம்?

நம் மாநில அரசு கிராமத்து ஏழைப் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சுகளை, பெரும்பாலும் நான்கு வார வயதில், மானியத்திலும் விலையின்றியும் வழங்கி வந்திருக்கிறது. நல்ல திட்டம், கையில் நாலு காசு புழங்க வழியில்லாத ஒரு பெண்ணுக்கு நாற்பது கோழி என்பது சிறிய சொத்தன்று. ஆனால் நான்காம் வாரம் என்பது தாய்க்கோழி இன்னும் குஞ்சை விட்டுப் பிரியாத காலம். எலும்பின் காலம் அப்போதுதான் வரப்போகிறது. தாயும் இல்லாமல், தீவனமும் இல்லாமல், அந்த வயதில் ஒரு குஞ்சைக் கையில் கொடுத்தால், அந்தப் பெண் தன் வீட்டில் உள்ள சோற்றைத்தான் அதற்குப் போடுவாள். வேறு எதைப் போடுவாள்? அதில் பிழைத்து வளரும் பெட்டைகள் எட்டு மாதமாகியும் முட்டையிடாமல் நிற்க, இந்தக் கோழி வகையே உதவாது என்று விற்றுவிடுவாள். நான்காம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை ஒரு குஞ்சுக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் தீவனம் போதும். நல்ல மேய்ச்சல் இருந்தால் அதிலும் குறையும். நாற்பது குஞ்சுக்கு ஐம்பது கிலோ மூட்டைகள் இரண்டு. குஞ்சோடு அந்த இரண்டு மூட்டைகளையும் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறேன். மூட்டையின்மேல் எந்தப் பருவத்துக்கான தீவனம், எந்த நாளில் அரைத்தது என்பவை தமிழில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்றும் கேட்கிறேன். அவற்றோடு காய்கறிக்காரர்கள் வைத்திருப்பதுபோன்ற ஒரு சிறு தொங்கு தராசும், வாரந்தோறும் குஞ்சு எத்தனை கிராம் இருக்க வேண்டும் என்று எழுதிய ஓர் அட்டையும், அதைச் சுவரில் மாட்ட ஓர் ஆணியும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், கையால் மார்பெலும்பைத் தடவிப் பார்த்து என் அம்மாயி அறிந்துகொண்டதை அந்தப் பெண் தராசில் நிறுத்துப் பார்த்து அறிந்துகொள்வாள்.